‘படிப்பு ஏறல’ என்ற தீர்ப்பை யார் எழுதுகிறார்கள்?

(சுரண்டையில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சந்தை வேலையையும் பீடிக் கணக்கையும் ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களுக்கு முதல் வணக்கம். இந்த ஊர் அரசு கலைக் கல்லூரியிலும், தென்காசி, நெல்லைக் கல்லூரிகளிலும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

‘நம் பிள்ளைகளும் கல்லூரிப் படிப்பும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் அங்கன்வாடியிலிருந்து தொடங்கப் போகிறேன். கல்லூரியில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடத்தைத் தேடிக்கொண்டு பின்னால் போனால், அது பன்னிரண்டாம் வகுப்பிலும் நிற்பதில்லை, ஆறாம் வகுப்பிலும் நிற்பதில்லை. பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்னால் போய் நிற்கிறது. என் ஆய்வும் அதைப் பற்றியதுதான்.

நம் தெருக்களில் ஒரு சொல் புழங்குகிறது. “அவனுக்குப் படிப்பு ஏறல.” முதல் பருவத்தில் மூன்று அரியர் விழுந்து, இரண்டாம் ஆண்டில் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போன பையனைப் பற்றி அப்படித்தான் சொல்கிறோம். வாத்தியாரும் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். கடைசியில் பெற்ற தாயே சொல்கிறாள். கொடுமை என்னவென்றால், அந்தப் பையனும் அதை நம்பிவிடுகிறான். ஏதோ மண்டைக்குள் ஒரு குழாய் அடைத்திருப்பது போலவும், படிப்பு அதன் வழியே ஏறாமல் நின்றுவிட்டது போலவும்.

அது ஒரு தீர்ப்பு தோழர்களே. குற்றவாளி யார் என்றே விசாரிக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு. அந்த வழக்கை இன்று மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வோம்.

நாற்பத்தேழுக்குள் யார்?

முதலில், நாம் நிற்கும் இடம் எது என்று பார்ப்போம். ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியாவுக்கு 28.4. இது சும்மா வந்ததல்ல. 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் ஊர் ஊராகத் திறந்த பள்ளிகள், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, இட ஒதுக்கீடு, முதல் பட்டதாரிச் சலுகை, 2022-இல் தொடங்கிய காலை உணவு, புதுமைப் பெண் என்று நூறு ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. நானே அந்த உழைப்பின் பிள்ளைதான்.

ஆனால் அந்த 47-க்குள் தலித் மாணவர்களின் விகிதம் குறைவு. சேர்ந்தவர்களிலும் யார் முடிக்கிறார்கள், யார் பாதியில் நிற்கிறார்கள், யார் முதுகலைக்குப் போகிறார்கள் என்று படி ஏற ஏற, நம் தெருப் பிள்ளைகள் கண்ணில் படுவது குறைந்துகொண்டே வருகிறது. நம்முள்ளும் எல்லோரும் ஒரே படியில் இல்லை. அருந்ததியர் பிள்ளைகளின் நிலை இன்னும் கீழே. அதனால்தான் 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தேவைப்பட்டது.

இதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் கல்லூரிக்கு உள்ளேயே தேடுகிறார்கள். ஆங்கிலம் தெரியவில்லை, கவனம் இல்லை, கைப்பேசி கெடுக்கிறது என்கிறார்கள். எதிலும் துளி உண்மை இருக்கலாம். ஆனால் ஒரே வகுப்பில், ஒரே ஆங்கிலத்தில், அதே கைப்பேசியோடு ஒருவன் கேள்வி கேட்கக் கை தூக்குகிறான். இன்னொருவன் மூன்று ஆண்டும் கை தூக்காமல் போய்விடுகிறான். கை தூக்கக் கற்றுக்கொள்வது எந்த வயதில்? அங்கே போவோம்.

உடம்பில் எழுதப்படுவது

முதலில் உடம்பு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இவை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் கணக்குகள். இரத்தசோகையுள்ள பிள்ளை சோர்ந்து உட்காரும். சோர்ந்து உட்காருகிற பிள்ளையை ‘மந்தம்’ என்பார்கள். தீர்ப்பின் முதல் வரி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இதை வறுமை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. பொருளியல் அறிஞர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக மக்களே ஒப்புக்கொள்கிற பகுதிகளில், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளின் உயரம் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குத் தன் சாதிப் பெயர் தெரியாது, பேசவே தெரியாது. ஆனால் சாதி அதன் எலும்பில் ஏறிவிடுகிறது. கர்ப்பிணியைத் தொட்டுப் பார்க்கத் தயங்குகிற கை, காலனிக்குக் கடைசியாக வரும் தண்ணீர், ஊருக்குள் இருக்கிற மருத்துவம், இவற்றின் வழியாக ஏறுகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது எப்படித் தெரிய வந்தது? குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனைக்குப் போனதால்தான். முதலில் விழுவது குழந்தைகள்.

பீடித்தட்டுக்குப் பக்கத்தில்

இரண்டாவது, தாயின் நேரம்.

நம் வட்டாரத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மடியில் தட்டு. இலை வெட்ட வேண்டும், தூள் வைத்துச் சுருட்ட வேண்டும், கட்டுக் கட்ட வேண்டும். சாயங்காலம் கடையில் கணக்குக் கொடுக்க வேண்டும். இலை மோசமாக இருந்தாலும், கழித்துப் போட்டாலும் நட்டம் சுற்றியவளுக்கு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளை அழுதால் கையை நிறுத்த வேண்டும், கையை நிறுத்தினால் கூலி குறையும். என் அம்மாவும் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். நான் தவழ்ந்தது புகையிலைத் தூள் பறக்கிற திண்ணையில். என் வயதில் இங்கே இருக்கிற பாதிப் பேர் அப்படித்தான்.

பல பெண்கள் வேலை செய்கிற பீடித் தொழிற்கூடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 1966-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி என்ன செய்தார்? தொழிற்கூடத்தையே நம் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் சுற்றுகிறவளுக்குக் காப்பகம் கிடையாது. நூறு நாள் வேலையில், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று சட்டம் சொன்னது. உங்கள் ஊர் வேலைத்தளத்தில் அப்படி ஒருவரை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? மரத்தடித் தொட்டில்தான் நமக்குத் தெரிந்த காப்பகம். தூய்மைப் பணிக்குப் போகும் அருந்ததியர் வீட்டுப் பெண் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறாள். அவள் பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா இன்னொருவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே ஒரு ஆபத்தான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 42 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்றார்கள். உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு, ஏழைத் தாய் பிள்ளையோடு பேசுவதில்லை என்று பாடம் எடுக்கக் கிளம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே கேள்வி கேட்டார்கள். பிள்ளையைச் சுற்றி ஆச்சியும் அக்காவும் அண்டை வீட்டாரும் பேசும் பேச்சை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டார்கள். சரியான கேள்வி. நம் வீடுகளில் பேச்சுக்கா பஞ்சம்? விடுகதை இல்லையா, தாலாட்டு இல்லையா, சண்டை இல்லையா? நம் வீட்டில் இல்லாதது சொல் அல்ல, நேரம். அந்த நேரத்தைக் கூலி தின்றுவிட்டது. தாய்க்குப் பாடம் எடுக்காதீர்கள், கூலியைக் கொடுங்கள்.

இராஜாஜி 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எல்லோரும் அறிவோம். அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954-இல் காமராசர் அதை ஒழித்தார். பள்ளிக்கூடத்துக்குள் அது ஒழிந்தது. ஆனால் ஆறு வயதுக்குக் கீழே? பீடித்தட்டுக்குப் பக்கத்தில், வரப்போரத்தில், சந்தைக் கழிவுக் காய்களுக்கு நடுவில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே, அது என்ன கல்வி? ஆறு வயதுக்குக் கீழே குலக்கல்வி இன்னும் ரத்தாகவில்லை தோழர்களே.

முதல் பொது இடம்

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது. வீட்டைவிட்டு வெளியே வரும் குழந்தை மிதிக்கிற முதல் பொது இடம் எது? பெட்டிக்கடையும் அங்கன்வாடியும். அங்கே அதற்கு என்ன பாடம் நடக்கிறது?

2022 செப்டம்பரில், இதே தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்தது நினைவிருக்கும். தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, திருப்பிக் கேட்கிறது. வழக்குப் பதிவானது, கடை சீல் வைக்கப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டதை எந்த நீதிமன்றம் அழிக்கும்? கையில் காசு இருந்தாலும் கேட்டால் கிடைக்காது என்ற பாடம். கேட்பதே தவறு என்ற பாடம். பதினைந்து ஆண்டு கழித்துக் கல்லூரி வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பது அந்தப் பாடம்தான்.

இன்னொன்று. எட்டயபுரத்தில் 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதே எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி என்ற ஊரில், 2023 செப்டம்பரில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர்கள் தடுத்தார்கள். அமைச்சர் வந்தார், நாடாளுமன்ற உறுப்பினர் வந்தார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரூர் மாவட்டத்திலும் அதே மாதம் அதே கதை. சமையல் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் படித்த சமையல்காரர் சாதிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தன் அத்தை, தன் சித்தி போன்ற ஒருத்தி ஆக்கிய சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தொடமாட்டேன் என்கிறான். அன்றைக்கு அது என்ன எழுத்துப் படித்திருக்கும்?

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு பழுப்புப் பொம்மையையும் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் கணக்கில் எடுத்தது. நம் நாட்டில், நெல்லையிலும் தென்காசியிலும் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிய பிறகுதான் நாம் கவலைப்படத் தொடங்குகிறோம். 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தோம். அந்தக் குழுவின் பரிந்துரைகள் முக்கியமானவை, முழுமையாக நிறைவேற்றப்பட வேண்டும். ஆனால் கயிறு கட்டுவது பதின்வயதில். கயிறு திரிக்கப்படுவது மூன்று வயதில்.

‘செய்யலாம்’ என்ற ஒரு சொல்

இவ்வளவும் நடக்கிற அந்த ஆறு ஆண்டுகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட அரசமைப்பின் 45-ஆம் உறுப்பு, பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. 14 வரை என்றது, எந்த வயதிலிருந்து என்று எல்லை கட்டவில்லை. பிறந்த குழந்தையும் அதற்குள் அடக்கம். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. பிறகு 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. கல்வியை அடிப்படை உரிமை ஆக்கிய திருத்தம் என்று எல்லோரும் கொண்டாடினோம். அதற்குள் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. உரிமை 6 முதல் 14 வரை மட்டும் என்று வெட்டினார்கள். ஆறுக்குக் கீழே உள்ளதை, அரசு முயலட்டும் என்ற பட்டியலில் தள்ளிவிட்டார்கள்.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை வாசியுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’. ‘செய்ய வேண்டும்’ இல்லை, ‘செய்யலாம்’. அந்த ஒரு சொல்லில் நம் பிள்ளைகளின் மூன்று ஆண்டு போயிற்று.

காசு உள்ளவருக்கு அந்தச் சொல் ஒரு பொருட்டில்லை. மூன்றரை வயதில் எல்.கே.ஜி., வாசலுக்கே வேன். ஆறு வயதில் நம் பிள்ளையின் உரிமை பிறக்கும்போது, அந்தப் பிள்ளை இரண்டரை ஆண்டு பள்ளி பார்த்து முடித்திருக்கிறது. பிறகு இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஓடுங்கள், தகுதியுள்ளவன் ஜெயிக்கட்டும் என்கிறார்கள்.

மாநில அரசின் நல்ல திட்டங்களிலும் இந்தக் கணக்கைக் கவனித்தேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு, எல்லாவற்றிலும் தகுதி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்பதே. திட்டங்கள் வேண்டும், தொடர வேண்டும். ஆனால் அரசின் நினைவு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். சோறும் முட்டையும் தந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சமைக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், பதிவேடும் செயலியும் நிரப்ப வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், தேர்தல் வந்தால் அந்த வேலையும். இவ்வளவு செய்தும் அவர் அரசு ஊழியர் இல்லை, ‘மதிப்பூதியம்’ பெறுகிறவர். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். உரிமை என்று சட்டத்தில் இருந்தால் இப்படித் திறந்து மூட முடியுமா?

அங்கே என்ன செய்தார்கள்?

இந்த வயதில் முதலீடு செய்தால் கல்லூரி வரை பலன் வருமா? வரும் என்பதற்குச் சான்று உண்டு.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. பெயர் அபெசிடேரியன். 111 குழந்தைகள், பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள். ஒரு பகுதிக் குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை முழு நாளும் நல்ல காப்பகத்தில் வைத்து விளையாட்டும் பேச்சும் உணவும் கவனிப்பும் கொடுத்தார்கள். பிறகு வளர வளரத் தொடர்ந்து பார்த்தார்கள். 21 வயதில், காப்பகத்துக்கு வந்தவர்களில் சுமார் 36 விழுக்காட்டினர் நான்காண்டுக் கல்லூரிக்குள் போயிருந்தார்கள். வராதவர்களில் 14 விழுக்காடு. 30 வயதில் பட்டம் முடித்தவர்கள் 23 விழுக்காடு, மற்ற பக்கம் 6. அந்தக் காப்பகத்தால், இளம்வயதில் தாயான பெண்களும் மேற்கொண்டு படித்தார்கள். பிள்ளையைக் கவனித்தால் தாயும் எழுகிறாள்.

மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளித் திட்டம் இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. 123 கறுப்பினக் குழந்தைகள். பாலர் பள்ளிக்கு வந்தவர்களின் அறிவுத் திறன் மதிப்பெண் முதலில் ஏறியது. சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. திட்டம் தோற்றது என்றார்கள் பலர். ஆனால் 40 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் அதிகம் பேர் பள்ளியை முடித்திருந்தார்கள், நல்ல வேலையில் இருந்தார்கள். மதிப்பெண்ணில் முன்னிலை போன பிறகும் வாழ்க்கையில் பலன் நின்றது. அப்படியானால் நின்றது எது? மூளையின் அளவு அல்ல. இந்த இடம் எனக்கானது, இங்கே நான் பேசலாம், கேட்டால் பதில் வரும், ஒரு நாள் தோற்றாலும் மறுநாள் வரலாம் என்ற பழக்கம். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அங்கே ஆசிரியர்கள் வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்து தாயோடு உட்கார்ந்து பேசினார்கள்.

இவை சிறிய சோதனைகள், வேறு நாடு, வேறு காலம். ஆனாலும் ஒன்று உறுதியாகிறது. படிப்பு என்பது மண்டைக்குள் ஏறுகிற சரக்கு அல்ல. பிள்ளைக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள உறவு. அந்த உறவை நம் நாட்டில் சாதி மூன்று வயதிலேயே முறிக்கிறது.

இந்த வாதத்தைத் திருடுகிறவர்கள்

இப்போது ஓர் எச்சரிக்கை. நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு கூட்டம் கைதட்டும். “அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். அடிப்படைக் கல்வியைச் சரிசெய்யுங்கள், கல்லூரியில் இட ஒதுக்கீடு எதற்கு? அந்த வயதில் என்ன செய்தும் பயனில்லை” என்பார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டிருப்பீர்கள்.

இவர்களிடம் இரண்டு கேள்விகள். அடிப்படைக் கல்வியைச் சரிசெய்யச் சொல்கிற நீங்கள், உங்கள் ஊர் அங்கன்வாடியைக் காலனியில் வைத்தால் பிள்ளையை அனுப்புவீர்களா? காலனிப் பெண் சமைத்தால் சாப்பிட விடுவீர்களா? முதலில் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, கல்லூரி வயதில் பயனில்லை என்று யார் சொன்னது? 2000-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டபோது, இரு தரப்பு மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு புதிர்களை விடுவித்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களின் திறன் சரிந்தது. அதே பிள்ளை, அதே மூளை. மாறியது அறை.

நான் படித்த ஓர் இடத்தில், முதல் பருவத்தில், “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்றார்கள். எழுந்து நின்றோம். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் என்னோடு மதிய உணவைப் பகிர்ந்தவன் அடுத்த நாள் வேறு பெஞ்சுக்குப் போனான். உத்தரப் பிரதேசத்தில் ஆய்வுக்காகச் செய்ததை இங்கே பல கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் நிர்வாக நடைமுறையாகவே செய்கிறார்கள்.

அறையை மாற்றினால் பிள்ளை எழும். ஆகவே, சிறுவயதில் இழந்தது முக்கியம் என்பதற்கு, இழந்தவன் முடிந்துபோனான் என்று பொருள் இல்லை. சத்தாராவில் பள்ளி அறையின் மூலையில் சாக்கு விரித்து உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் வாங்கினார். அவருக்கு இயன்றது உனக்கும் இயலும் என்று சொல்லி உங்களைத் தனியே விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரே தனக்குக் கிடைத்த உதவித்தொகையை எல்லோருக்குமான உரிமையாக்கத்தான் வாழ்நாள் முழுவதும் போராடினார். அங்கன்வாடியும் வேண்டும், இட ஒதுக்கீடும் வேண்டும். ஒன்றைக் காட்டி ஒன்றைப் பிடுங்கவிடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான கவனிப்பும் கல்வியும் சட்ட உரிமையாக வேண்டும். ஒன்றிய அரசு ‘செய்யலாம்’ என்று நிற்கட்டும். தமிழ்நாடு தன் சட்டமன்றத்தில் ‘செய்ய வேண்டும்’ என்று எழுதட்டும். மதிய உணவில் வழிகாட்டிய மாநிலம் இதிலும் வழிகாட்டலாம்.

இரண்டு, அங்கன்வாடியின் நேரம் தாயின் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற வேண்டும். தூய்மைப் பணியாளரும் வயலுக்குப் போகிறவரும் கிளம்பும்போது மையம் திறந்திருக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த ஊர்களில் முழு நாள் காப்பகம் வேண்டும், அதற்குரிய பணியாளர்கள் நிரந்தர ஊழியர்களாக வேண்டும்.

மூன்று, புதிய மையங்களைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளுக்கு முன்னுரிமை தந்து திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னதை நடைமுறைப்படுத்த வேண்டும். அதே நேரம் ‘காலனி அங்கன்வாடி’, ‘ஊர் அங்கன்வாடி’ என்று பிரித்து வைக்க அது சாக்காகக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, யார் ஆக்கினாலும் சாப்பிடுகிற இடமாக இருக்க வேண்டும். மறுப்பவர்மீது வழக்கு வேண்டும், சமாதானக் கூட்டம் அல்ல.

நான்கு, பிள்ளையின் வீட்டுப் பேச்சைக் கேலி செய்கிற வழக்கம் அங்கன்வாடியிலிருந்து கல்லூரி வரை ஒழிய வேண்டும். “ஒழுங்காப் பேசு” என்று மூன்று வயதில் வாயை அடைத்துவிட்டு, இருபது வயதில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ இல்லை என்று சொல்வது அயோக்கியத்தனம்.

ஐந்து, கல்லூரிகளில் சாதியைச் சொல்லி எழுப்பி நிறுத்துகிற எல்லா நடைமுறைகளும் நிற்க வேண்டும். உதவித்தொகை காலத்தில் வர வேண்டும். முதல் ஆண்டில் நம் பிள்ளைகளோடு கூடவே நின்று கைகொடுக்க ஆசிரியர்கள் வேண்டும்.

கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெரு அங்கன்வாடி எந்த நேரம் திறக்கிறது, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் வருவதில்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள், எழுதிவையுங்கள். கிராம சபை நடக்கும்போது அந்தக் காகிதத்தோடு எழுந்து நில்லுங்கள். இதைத் தொண்டு என்று நினைக்க வேண்டாம், நம் உரிமையின் தணிக்கை.

பெற்றோர்களே, அம்மாமார்களே, ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு பிள்ளை தோற்றுத் திரும்பி வந்தால், அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். படிப்பு ஏறாத பிள்ளை என்று ஒரு பிள்ளையும் இல்லை. அதை ஏறவிடாமல் வழியில் யார் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்காது, உங்கள் பெயரும் இருக்காது.